நான்காவது சிவப்பு வயர்

வீட்டில் ஒருத்தி உடம்பு முடியாமல் உட்கார்ந்துவிட்டால் போதும், அதுவரை வாயைத் திறக்காதவர்கள்கூட வைத்தியர்களாகிவிடுகிறார்கள். இந்தக் கதையில் வரும் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு வந்த நோய்க்கு இரண்டு வருஷத்தில் பதினோரு காரணங்கள் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்களில் ஒருவருக்குக்கூட விரல் வீங்கியதில்லை. வீங்கியிருந்தால் பேச்சு இவ்வளவு நீண்டிருக்காது.

அவளுக்குக் காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. மணிக்கட்டும் கால் முட்டியும் தொட்டால் கொதிக்கும். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். நடுவில் இரண்டு நாள் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அந்த இரண்டு நாளை வைத்துத்தான் எல்லோரும் தத்தம் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவளுக்கு வேலை பல் கட்டும் லேப்பில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துச் செயற்கைப் பல் செதுக்குவாள். பக்கத்துப் பல்லில் லேசான மஞ்சள் இருந்தால் அதே மஞ்சளைப் புதுப் பல்லிலும் கொண்டுவருவாள். எதிரில் பேசுகிறவர் சிரித்தால் எது கட்டின பல், எது முளைத்த பல் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவாள். கல்யாணமான புதிதில் மெக்கானிக் அவள் முன்னால் கொட்டாவி விடக்கூடப் பயந்திருக்கிறான். அவ்வளவு நுணுக்கமான விரல்கள் அவை. அவைதான் இப்போது பாட்டில் மூடியைத் திருகத் தடுமாறின.

மூட்டு டாக்டரம்மா முதல் நாளே விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். உடம்பைக் காக்க வேண்டிய படையே உடம்பைத் தாக்குகிறது. இப்போதைக்கு மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம். அடங்கவில்லையென்றால் வீரியமான ஊசி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் மற்ற கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும் என்பதால் எடுத்த எடுப்பில் போட முடியாது. அதற்காகத் தள்ளிப் போட்டுக்கொண்டே போனாலும் ஆபத்து. மூட்டு எலும்பு அரித்துப்போகும், அரித்தது திரும்ப வளராது.

மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான். இது எதனால் வந்தது?

"தெரியாது" என்றார் டாக்டரம்மா.

"தெரியாதுன்னா எப்படி டாக்டர்?"

"பரம்பரை கொஞ்சம், தூசி புகை கொஞ்சம், ஏதாவது கிருமி கொஞ்சம், கவலை கொஞ்சம். எல்லாரும் சேர்ந்து தள்ளின வண்டி சார் இது. எந்தக் கை தள்ளுச்சுன்னு தேடிட்டு நின்னா வண்டி போயிட்டே இருக்கும். முதல்ல நிறுத்தப் பார்ப்போம்."

அவனுக்கு இந்தப் பதில் தொண்டையில் சிக்கிய முள்ளாகிவிட்டது. அவன் தொழிலில் தெரியாது என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. பழுதான லிஃப்ட்டைச் சரிசெய்து கட்டடக்காரரிடம் ஒப்படைக்கும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டால் லிஃப்ட்டை ஓட விடமாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டத்தை அவன் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. நினைத்தால் வந்து நினைத்தால் போகிற பழுதுதான் இருப்பதிலேயே மோசமான பழுது. அப்படிப்பட்ட லிஃப்ட்களுக்கென்றே கம்பெனி இவனைத்தான் அனுப்பும். அப்பேர்ப்பட்டவன் சொந்த மனைவியின் விஷயத்தில் கட்டத்தைக் காலியாக விடுவானா? விட்டேனா பார் என்று கிளம்பினான்.

பதினோரு காரணங்களில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டான்.

முதலாவது, அவனுடைய சகலை சொன்னது. சகலை மருந்துக்கடை வைத்திருப்பவர். கடை முழுக்க அலோபதி மாத்திரைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, எல்லா நோயும் குடலில்தான் ஆரம்பிக்கிறது என்று சத்தியம் செய்வார். கோதுமை, பால், சர்க்கரை, தக்காளி நான்கையும் நிறுத்தினால் மூட்டு தானாக வழிக்கு வரும் என்பது அவர் கட்சி. இரண்டாவது, சகலையின் மனைவி, அதாவது மெக்கானிக் மனைவியின் அக்கா சொன்னது. அவளுக்குக் குடலும் இல்லை, கிருமியும் இல்லை, எல்லாம் மனசுதான். பத்து வருஷத்துக்கு முன் தங்கைக்கு ஐந்தாம் மாசத்தில் கரு கலைந்தது. அப்போது அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விழுங்கின அழுகை மூட்டில் போய் உட்கார்ந்துகொண்டது என்று அக்கா அடித்துச் சொன்னாள். ஒரே வீட்டில் குடல் கட்சியும் மனசுக் கட்சியும் குடித்தனம் நடத்தினால் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேஜையில் உப்பை நகர்த்துவதற்குக்கூட இருவரும் வாதாடினார்கள்.

மூன்றாவது, மெக்கானிக்கோடு ஜோடியாக வேலை பார்ப்பவன் சொன்னது. அவனுக்குப் பட்டப்பெயர் அவசரம். ஸ்க்ரூட்ரைவரைக் கேட்டால் அதை அவன் எடுத்துத் தருவதற்குள் லிஃப்ட் மூன்று தடவை ஏறி இறங்கிவிடும், அதனால் அந்தப் பெயர். பல்லை ராவுகிற தூசி நெஞ்சுக்குள் போனால் உடம்பு சும்மா இருக்குமா என்று அவசரம் ஒருநாள் மெதுவாகக் கேட்டான். நான்காவது மெக்கானிக்கின் சொந்தக் காரணம். படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவர் ஓதம் ஏறிக் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. எட்டு வருஷமாக அவள் மூச்சு விட்டது அந்தக் காற்றைத்தான்.

பழுது பார்ப்பதில் அவனுக்கு ஒரே விதி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது. ஒவ்வொரு காரணத்துக்கும் மூன்று வாரம் என்று பன்னிரண்டு வாரத்துக்குக் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வலி எவ்வளவு என்று கேட்பான். அவள் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் எட்டு என்றாள்.

குடல் வாரங்கள் ஆரம்பித்தன. அக்கா வீட்டிலிருந்து தினம் தனிச்சமையல் வந்தது. கணவரின் கட்சியில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் தங்கைக்காக அக்காதான் விடியற்காலையில் எழுந்து சமைத்தாள். உப்புச் சப்பில்லாத அந்தச் சாப்பாட்டைத் தங்கை முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். எட்டு ஏழாகி, மூன்றாம் வாரம் ஆறாக இறங்கியது. சகலைக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு மாத்திரை வாங்க வந்தவர்களிடமெல்லாம் தக்காளியைப் பற்றிப் பேசினார்.

அடுத்தது மனசு. அக்கா தினம் மத்தியானம் லேப்புக்கே போய், சாப்பாட்டு இடைவேளையில் தங்கையை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து அழச் சொன்னாள். தங்கைக்கு அழுகை வரவில்லை. அக்காதான் அழுதாள். மூன்று வாரமும் கைக்குட்டையை நனைத்தவள் அவள்தான். ஆனாலும் எண் ஐந்தாக இறங்கியது. அக்கா சகலையை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் உப்பை நகர்த்தவில்லை.

மூன்றாவது தூசி. லேப்பில் மூன்று வாரம் லீவு கேட்டு வாங்கினார்கள். வீட்டில் சும்மா இருந்தாள். எண் அசையவே இல்லை. ஐந்தாகவே இருந்து கடைசி வாரம் ஆறாகக்கூட ஏறியது. மெக்கானிக் சிவப்புப் பேனாவால் தூசியை அடித்துவிட்டான். அவசரத்துக்கு முகம் தொங்கிப்போனது. ஏதோ அவன் பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பெயிலாக்கினதுபோல் இரண்டு நாள் பேசவில்லை.

கடைசியாகச் சுவர். இதற்காக மெக்கானிக் தன் வார விடுமுறைகளை மொத்தமாகக் கொடுத்தான். அலமாரியை நகர்த்தி, பூசணம் பிடித்த பூச்சைச் செங்கல் தெரிகிறவரை கொத்தி எடுத்து, மருந்து அடித்து, காயவைத்து, புதிதாகப் பூசி, வெள்ளையடித்தான். மண்டி போட்டே வேலை பார்த்ததில் அவனுக்கே முட்டி போய்விட்டது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறு ஐந்தாகி, ஐந்து நான்காகி, நான்கு மூன்றானது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் மனசு நிறைந்து சிரித்தான். மூணா, மூணு, மூணு என்று மூன்று முறை சொன்னான்.

அந்தத் தாளை ஃபிரிட்ஜிலிருந்து உரித்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் தாளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். கையைப் பார்த்தால் எண் இவ்வளவு குறைந்த மாதிரித் தெரியவில்லையே என்று இழுத்தார். வீக்கம் பார்க்கத்தான் இப்படி இருக்கிறது, வலி அநேகமாகப் போய்விட்டது என்று அவளே சிரித்துக்கொண்டே சொன்னாள். விரலை மடக்கச் சொன்னபோது மடக்கியும் காட்டினாள். நோயாளியே நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்போது டாக்டர் என்ன செய்வார்? இன்றைக்கு ஊசியை ஆரம்பிப்பதாக இருந்தேன், தேவையில்லை, மூன்று மாசம் கழித்து எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். வெளியே வந்ததும் மெக்கானிக் அவளிடம், எந்தக் கை தள்ளியது என்று கண்டுபிடித்துவிட்டோம் பார்த்தாயா என்றான். அவளும் தலையாட்டினாள்.

இது நடந்து இரண்டு மாசத்துக்குப் பிறகு ஒருநாள் காலையில், அவன் இடுப்பு வளையத்தில் மாட்டியிருந்த சிவப்பு வயர்களை எண்ணினான். எப்போதும் நான்கு இருக்கும், அன்றைக்கு மூன்றுதான் இருந்தன.

இதை விளக்காவிட்டால் அவன் முகத்தில் ஏன் ஈயாடவில்லை என்பது உங்களுக்குப் புரியாது. லிஃப்ட்டில் ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஒரு பூட்டு ஸ்விட்ச் உண்டு. எங்கேயாவது ஒரு கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தால்கூட லிஃப்ட் நகராது. சில சமயம் கதவெல்லாம் சாத்தியிருந்தும் நகராது. எந்த ஸ்விட்ச் பழுது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் ஒரு சிறு வயரைக் குறுக்கே கொடுத்துப் பார்ப்பான். அந்த வயர் இருக்கும்வரை, கதவு திறந்திருந்தாலும் சாத்தியிருப்பதாக லிஃப்ட் நம்பிவிடும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். மறந்தால் லிஃப்ட் ஒரு குறையும் இல்லாமல் அழகாக ஓடும். கதவு திறந்திருக்கும்போதும் ஓடும். உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக ஒருவர் நிற்கும்போதும் ஓடும். அதனால்தான் அந்த வயரைக் கண்ணைக் குத்தும் சிவப்பில் வைத்திருப்பார்கள். காலையில் எண்ணுவார்கள், கட்டடத்தைவிட்டுக் கிளம்பும்போது எண்ணுவார்கள். நேற்றுக் கடைசிக் கட்டடத்தில் எண்ணினோமா இல்லையா என்று அவனுக்கு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

நேற்று அவன் தொட்டது ஐந்து லிஃப்ட். ஒரு ஆஸ்பத்திரி, ஒரு துணிக்கடை, மூன்று குடியிருப்புகள். அவசரத்தை இழுத்துக்கொண்டு ஓடினான். அன்றைக்குத்தான் அவசரம் வாழ்க்கையில் முதல்முறையாக ஓடினான். ஐந்தையும் நிறுத்தினார்கள். துணிக்கடை முதலாளி கத்தினார். ஆஸ்பத்திரியில் ஒரு கிழவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள், ஏறும்போது அவர்கள் திட்டிய திட்டை எழுத முடியாது. மெக்கானிக் ஒவ்வொரு கூண்டின் மேலும் ஏறிப் படுத்து, மாடிமாடியாக நகர்ந்து, ஒவ்வொரு கதவின் பின்புறத்தையும் டார்ச் அடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். முப்பத்தேழு கதவு பார்த்தான். எங்கேயும் சிவப்பு இல்லை.

நாலரை மணிக்கு அவசரம்தான் சொன்னான், வீட்டில் நேற்றுப் போட்ட சட்டைப் பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா, அதற்குள் நான் கம்பெனிக்குச் சொல்லாமல் சமாளிக்கிறேன் என்று. கிரீஸ் படிந்த கையோடு மெக்கானிக் வீட்டுக்கு வந்து, தன் சாவியால் கதவைத் திறந்தான். அவள் லேப்பிலிருந்து வர ஐந்தரை ஆகும்.

வயர் கண்ணெதிரே இருந்தது. படுக்கையறை அலமாரியின் சின்னக் குமிழில் மாட்டித் தொங்கியது. கை நுழைகிற அளவுக்குப் பெரிய வளையமாகக் கட்டியிருந்தார்கள்.

முதலில் அவனுக்கு உயிர் வந்தது. ஐந்து லிஃப்ட்டிலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று சுவரில் சாய்ந்துகொண்டான், அவனே பூசி வெள்ளையடித்த சுவர். அடுத்து ஆத்திரம் வந்தது. இது என்ன விளையாட்டுச் சாமானா? வயரைக் கழற்றப் போனவன் முடிச்சைப் பார்த்தான். விரலால் போட்ட முடிச்சு இல்லை அது. சிவப்பு உறை முழுக்க வரிசையாகப் பல் தடம். வாயால் கடித்து இழுத்து முடிந்திருக்கிறாள்.

வளையத்துக்குள் தன் கையை விட்டுப் பார்த்தான். மணிக்கட்டு வரை போனது. இழுத்தான். குமிழை விரலால் தொடாமலே அலமாரி திறந்தது.

பழுது தேடுகிற கண்ணோடு தன் வீட்டை அவன் பார்த்தது அன்றைக்குத்தான். ஐந்து மாசமாக ஆறு மணிக்கு அவள் வாயைப் பார்த்தானே தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அலமாரியில் அவள் சட்டைகளில் பொத்தான்களை அறுத்துவிட்டு ஒட்டும் பட்டை வைத்துத் தைத்திருந்தது. குளியலறையில் அவள் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியில் துணி சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. சமையலறையில் ஒரு பாட்டில் மூடியும் திருகியிருக்கவில்லை, எல்லாம் சும்மா மேலே வைத்திருந்தது. பூரிக்கட்டையைவிடக் கனமான எதையும் அவள் புழங்குகிற இடத்தில் காணோம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். ஒவ்வொன்றும் அவன் தலையில் அடித்தது.

ஐந்தரைக்கு அவள் வந்தாள். சாவியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திருப்பிக் கதவைத் திறந்து, திரும்பினால் அவன் நிற்கிறான். அவன் கையில் சிவப்பு வயர்.

"பழைய வயர்னு நெனச்சு நேத்து ராத்திரி உங்க சட்டைப் பையிலேருந்து எடுத்தேன்" என்றாள். "எப்பவும் கட்டற நாடா அறுந்துபோச்சு. அதைத் தினம் நீங்க வர்றதுக்குள்ள கழட்டி வச்சிடுவேன். இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க."

"வலி எவ்வளவு?"

"மூணு." வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அவன் வயரை அவள் முன்னால் நீட்டினான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் தன் பல் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது" என்றாள். "ஒன்பதுக்குக் கீழே அது எறங்கினதே இல்லைங்க."

"எட்டுன்னு ஆரம்பிச்சியே?"

"ஒன்பதுன்னா பயந்துடுவீங்கன்னு எட்டுன்னேன்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். முட்டி வலித்தது. ஏன் என்று கேட்டான். இந்த ஏன், அவன் தொழிலில் கேட்கிற ஏன் இல்லை. அவளும் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள். அக்கா விடியற்காலையில் எழுந்து, நம்பிக்கையே இல்லாமல் சமைத்து அனுப்புகிறாள், அதைச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது என்று எப்படிச் சொல்வது? மொட்டைமாடியில் உட்கார்ந்து அக்கா அழுகிற அழுகைக்கு ஒரு எண்ணாவது குறைத்துக் கொடுக்க வேண்டாமா? அவன் மண்டி போட்டுச் சுவரைக் கொத்துவதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு மூன்று எண்ணாவது குறைக்காவிட்டால் அவள் மனுஷியா? டாக்டரிடம் போன அன்றைக்கு மட்டும் அத்தான் கடையில் அவருக்குத் தெரியாமல் வாங்கிய வலி மாத்திரையை நான்காகப் போட்டுக்கொண்டு போனாள். இல்லாவிட்டால் விரல் மடங்கியிருக்காது.

"அந்த ஊசியைத் தள்ளிப் போட்டாங்களே, அது தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும்?"

"உங்களுக்கெல்லாம் ஒரு காரணம் வேணும்" என்றாள். குரல் ஏறவில்லை. "கண்ட கண்டதைத் தின்னேங்கிறார் அத்தான். அழாம முழுங்கிட்டேங்கிறா அக்கா. மூக்குல துணி கட்டலைங்கிறார் அவசரம் அண்ணன். சுவத்தைக் கவனிக்கலைன்னு நீங்க. யார் சொல்ற காரணத்தையும் கடைசிவரைக்கும் கேட்டுப் பாருங்க, நான் செஞ்ச தப்புலதான் வந்து நிக்கும். ரெண்டு வருஷமா வலியோட வலியா இதையும் தாங்கறேன். தெரியாதுன்னு சொன்னது அந்த டாக்டரம்மா ஒருத்தங்கதான். அன்னைக்கு அவங்க காலைத் தொட்டுக் கும்பிடணும்போல இருந்துச்சு. நீங்க அவங்ககிட்ட சண்டைக்குப் போனீங்க."

இதை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்று சொல்வதா, என்னவென்று சொல்வது? ஒரு மெக்கானிக்குக்கு மட்டுமே தோன்றுகிற கேள்வி அவனுக்குத் தோன்றியது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டான். அந்த லீவு வாரங்களில் மட்டும் எண் ஏன் குறையவில்லை?

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எறங்கினதே இல்லைன்னேனே, அதுவும் பொய். அந்த மூணு வாரம்தான் நெஜமாவே கொறைஞ்சுது. ஏழுக்கு வந்துச்சு. அதைச் சொன்னா வேலையை விடச் சொல்லிடுவீங்க. அதான் ஏத்திச் சொன்னேன்."

"அப்போ தூசிதானா?"

"தூசியோ, சும்மா இருந்ததோ. எனக்கெப்படிங்க தெரியும்? இப்ப அந்த வேலையும் இல்லை. ஒரு மாசமா என்னைப் பல் செதுக்க விடறதில்லை. கத்தி கையில நிக்கலை. பெட்டி மேல ஸ்டிக்கர் ஒட்டிட்டு இருக்கேன். அதையும் கோணலா ஒட்டறேன்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பத்து வருஷமாக அக்கா எதிர்பார்த்த அழுகை. குழந்தைக்காக இல்லை, கோணலாக ஒட்டின ஸ்டிக்கருக்காக அழுதாள். அழுதபிறகும் விரல் அப்படியேதான் இருந்தது.

ஃபோன் அடித்தது. அவசரம். வயர் கிடைத்ததா என்றான். கிடைத்தது, லிஃப்ட்டையெல்லாம் ஓட விடு என்றான் மெக்கானிக். எங்கே இருந்தது என்று கேட்டதற்கு, வீட்டில் என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக் தாளைக் கொண்டுவரவில்லை. நடந்ததைச் சொன்னான். டாக்டரம்மா கோபப்படவில்லை, உடனே படம் எடுக்க அனுப்பினார். படம் வந்ததும் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வலது கையில் ஆள்காட்டி விரல் மூட்டும் நடுவிரல் மூட்டும் ஓரம் தின்னப்பட்டிருந்தன. கத்தி பிடிக்கிற விரல்கள் அவை. மற்ற மூட்டுகளில் அரிப்பு இப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா?" என்று கேட்டான் மெக்கானிக்.

டாக்டரம்மா படத்தை இறக்கி மேஜைமேல் வைத்தார். "ஒண்ணையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றார். "நானும் கையைத்தான் நம்பியிருக்கணும். தாளை நம்பிட்டேன்."

இந்த இரண்டும் திரும்பாது, மீதி எட்டு விரலைக் காப்பாற்றப் பார்க்கலாம், அதற்கும் உறுதி சொல்ல முடியாது என்றார். ரத்தப் பரிசோதனையில் வேறு கிருமி இல்லை என்று தெரிந்தால் இந்த வாரமே ஊசி. பழையபடி பல் செதுக்க முடியுமா என்று அவள் கேட்டாள். டாக்டரம்மா அதற்கும் தெரியாது என்றார். இந்தத் தடவை மெக்கானிக் ஏன் என்று கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஊசி போடக் கூப்பிட்டார்கள். நர்ஸ் கையில் ஒரு படிவத்தோடு வந்து பெயர், வயது, எடை எல்லாம் கேட்டு எழுதினாள். கடைசியாக, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டாள்.

அவள் வாயைத் திறந்தாள். ஆனால் நர்ஸைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்தாள். அவன் மூன்று நாளாகச் சவரம் செய்யாமல், கண் உள்ளே போய் நின்றுகொண்டிருந்தான். இந்த முகம் எந்த எண் வரைக்கும் தாங்கும் என்று அவள் அளந்துகொண்டிருந்தாள். விரல் போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அவனுக்கு அது புரிந்துவிட்டது. இரண்டு வருஷமாக ஊரையெல்லாம் சந்தேகப்பட்டான். உணவு, சுவர், தூசி, அழாத அழுகை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். கழற்றிப் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்.

திரும்பி நடந்து அறையைவிட்டு வெளியே போனான். கதவைச் சாத்தினான். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தான். நடைபாதையில் சுவர் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

"பத்து."